நீலப் பரலில் இருந்த தண்ணீர்

சாய்ந்தமருதில் உயரமானவை என்றால் பள்ளிவாசல் மினாராவும் தொலைபேசிக் கோபுரங்களும்தான். கடலுக்கும் வயலுக்கும் நடுவே நிலம் பாயைப் போல விரிந்து கிடக்கிறது. கடல் ஊருக்குள் வந்த அன்று ஓடி ஏற ஒரு மேடு இருக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு மலை நடை பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மனைவி அதை நம்பவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்களின் செய்திகளைத் திருத்தித் திருத்திச் சலித்துப் போனதால் வந்த கிறுக்கு என்றாள்.

துணைக்கு வருபவர் அவளுடைய தம்பி. எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்ததும் பெண்டாட்டி வீட்டோடு இறக்காமத்துக்குப் போனவர். அங்கே வயல் செய்கிறார். கூடவே வட்டவிதானையாகவும் இருக்கிறார். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பிரித்து விடுவதும், ஒருவன் முறையில் இன்னொருவன் மடை திறக்காமல் பார்ப்பதும் அந்த வேலை. விவசாயிகள் கூடித் தெரிவு செய்வார்கள். பிறகு போகம் முழுவதும் அவரைத்தான் ஏசுவார்கள். பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்குக் குளம் திறக்கும்வரை அவருக்கு ஏச்சு வாங்கும் வேலை இல்லை. அந்த இடைவெளியில் கல்முனையிலிருந்து பதுளைப் பஸ் பிடிப்போம்.

தேயிலைத் தோட்டங்களையும் காட்டு ஓரங்களையும் தொட்டுப் போகும் நடைபாதைகளில் தங்கும் குடில்கள் இருக்கின்றன. தங்குவதற்கென்றே கட்டியவை குறைவு. ஒன்று கணக்கப்பிள்ளை இருந்த வீடு. தகரம் பறந்த இடத்தில் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். இன்னொன்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறை. அங்கே நாங்கள் படுத்த இரவில் அந்தக் குடும்பம் சுவருக்கு மறுபுறம் நெருக்கியடித்துப் படுத்திருந்தது. பிள்ளை இருமும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போன குடில் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் நகர்ந்துதான் எங்களுக்கு இடம் விட்டிருந்தார். நாங்கள் காலையில் நன்றி சொல்லிவிட்டு இறங்குவோம். அதற்குப் பிறகு அவர்கள் எப்படித் திரும்ப நகர்ந்து கொண்டார்கள் என்பதை நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வருவது ஒரு பழைய கொழுந்து மடுவத்தைப் பற்றி. கொய்த கொழுந்தை நிறுப்பதற்காக மலைமுதுகில் கட்டிய கொட்டகை. தராசு தொங்கிய கொக்கி இன்னும் விட்டத்தில் இருக்கிறது. மூன்று பக்கம் பலகை அடித்து, கதவு போட்டு, நடப்பவர்கள் தங்கும் குடிலாக்கியிருந்தார்கள். கீழே லயத்தில் இருக்கும் ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டார். கொழுந்து எடுக்கும் வேலையை முழங்கால் நோவால் விட்டவர். அந்த நடைபாதையை நடத்தும் பொறுப்பாளர் பட்டணத்தில் இருந்தார்.

நாங்கள் முதன்முறை போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். ஆள் இல்லை, கதவு திறந்திருந்தது. அடுப்பருகே விறகு அடுக்கியிருந்தது, கேத்தல் கவிழ்த்து வைத்திருந்தது. வெளியே தாழ்வாரத்தில், கல்லின் மேல், அடியில் பைப்பு பொருத்திய நீலப் பரல் ஒன்று, பிளாஸ்டிக் பீப்பாய். பக்கத்தில் கயிற்றில் கட்டிய ஒரு கோப்பை.

வரும் வழியில் காட்டுத் துண்டு ஒன்றைக் கடந்திருந்தோம். மச்சானின் கெண்டைக்காலில் அட்டை கடித்து, இரத்தம் சாரனில் இறங்கியிருந்தது.

“இதோட தொழ ஏலா மச்சான்,” என்றார். “கழுவித்தான் ஆகணும்.”

மாற்றுச் சாரனைக் கட்டிக்கொண்டு, கறை பட்டதைப் பைப்படியில் குந்தியிருந்து கசக்கினார். இரத்தம் எளிதில் போகவில்லை. மூன்று தரம் அலசினார். பிறகு தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவும் வுழூவை அவர் செய்தார், நான் செய்தேன். பயணத்தில் இருப்பவர்கள் என்பதால் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுவது வழக்கம். அதற்கு முன் நான் வியர்வை போகத் தலையிலும் இரண்டு கோப்பை ஊற்றிக்கொண்டேன். எங்கள் ஊரில் கிணற்றுக்குக் கயிறே தேவையில்லை, குனிந்து அள்ளலாம். பள்ளிவாசலில் வுழூ செய்யும் ஹவுழுக்கு, அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. திறந்திருந்த கதவும், பைப்பும், கோப்பையும் எங்களுக்கு அந்த ஹவுழ் போலவே இருந்தன. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு, குடிக்கப் பைப்பைத் திறந்தபோது அது நூல் போல வடிந்து நின்றது.

அப்போதுதான் நான் பரலைச் சரியாகப் பார்த்தேன். அதற்குள் வரும் குழாய் எதுவும் இல்லை. கூரை விளிம்பின் வடிகாலிலிருந்து இறங்கிய தகர வாய் மட்டும் இருந்தது. அதன் நுனியில் சிலந்தி வலை. மழை பெய்து நாளாகியிருந்தது. மற்றவர்கள் எழுதியதில் விடுபட்டது எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

பார்த்துக்கொள்ளும் பெண் கீழிருந்து வந்தார். இடுப்பில் ஒரு தண்ணீர்க் கேன். எங்களைக் கண்டதும் சிரித்தார். “வாங்க நானா. எப்ப வந்தீங்க? வழியில அட்ட கடிச்சிச்சுங்களா?” என்று கேட்டவர், பைப்படி ஈரத்தைப் பார்த்தார். சாரன் கொடியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. போய்ப் பரலைத் தட்டினார். அது வெறும் பரலின் சத்தம் கொடுத்தது.

“நாங்கதான் புள்ள,” என்றார் மச்சான். “தெரியாமச் செஞ்சிட்டம்.”

“பரவால்லிங்க,” என்றார். பிறகு சூரியன் நின்ற இடத்தைப் பார்த்தார். “அந்திக்கு மல நடக்குற ஒரு கூட்டம் வருதுங்க. பட்டணத்துல இருந்து அந்தப் பெரியவரும் கூட வர்றாரு. போன தடவ தண்ணி பத்தலன்னு வெள்ளக்காரங்க சொல்லிப்புட்டாங்க. இந்த வாட்டியும் பத்தலன்னா மடுவத்த வேற ஆளுகிட்ட குடுத்துருவேன்னு சொல்லியிருக்காரு. அதான் நேத்துல இருந்து நெரப்பிக்கிட்டு இருந்தேன்.”

நேற்றிலிருந்து. அந்த முழங்காலோடு. மச்சான் கொடியிலிருந்த ஈரச் சாரனை இழுத்து எடுத்தார். அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

குடிலில் இருந்த கேன்களை எல்லாம் எடுத்துக்கொண்டு அவருடன் இறங்கினோம். தேயிலைக்குள் ஒற்றையடிப் படி. கீழே பாறையில் செருகிய ஒரு தகரத்தின் வழியே ஊற்றுத் தண்ணீர் விழுந்தது. பீலி என்றார்கள். கோடையில் சுண்டுவிரல் பருமன்தான். லயத்துப் பெண்கள் கேன்களை வரிசையாக வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னாங்க நானா, ஒங்க பக்கம் கடல் வத்திப் போச்சா?” என்றாள் ஒருத்தி.

“கடல் இரிக்கி,” என்றார் மச்சான். “குடிக்கத்தான் ஏலா.”

“தொவைக்க ஏலும்தானே? அங்கேயே தொவச்சிட்டு வந்திருக்கலாம்ல?”

எல்லாரும் சிரித்தார்கள். தோளில் கிடந்த ஈரச் சாரனே அவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. மச்சானும் சிரித்தார். அவர் காது சிவந்திருந்ததை நான் கண்டேன்.

மடுவத்துப் பெண் எங்கள் கேன்களை வரிசையின் கடைசியில் வைத்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பகிடி பண்ணியவளே எழுந்து, தன் கேனை அவற்றுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள். பிறகு அடுத்தவள். பிறகு அடுத்தவள். கடைசியில் இருந்தவை பீலிக்கு அடியில் வந்துவிட்டன. அவர்கள் திரும்ப உட்கார்ந்து வேறு கதைக்குப் போனார்கள். வீட்டில் அடுப்பு மூட்டும் நேரம் பிந்துவதைப் பற்றி ஒருத்தி மட்டும் மெதுவாக முணுமுணுத்தாள்.

“எங்கட வாய்க்கால்ல ஒருத்தன் இப்படி முறை உட்டுக் குடுத்தா,” என்றார் மச்சான் என் காதருகே, “எனக்கு அந்த வேலையே தேவல்ல மச்சான். மண்வெட்டியத் தூக்கிட்டுத்தான் வருவானுகள்.”

நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். கடல் வந்து போன பிறகு எங்கள் கிணறுகள் எல்லாம் உப்பாகிக் கிடந்த மாதங்களில், தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறி வரும் சந்தியில் நானும் கேனோடு நின்றவன். ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பவுசர்ப் பைப்பில் கால் கழுவினார். சேறு படிந்த கால்; வேறு எங்கே கழுவுவார்? நான் அவரைப் பலர் முன்னிலையில் ஏசினேன். கிணறு இறைத்து இறைத்து மெல்ல இனிப்பானது. பவுசர் வருவது நின்றது. அந்த மனிதரின் முகம் மட்டும் இப்போது பீலிக்கரையில் சரியாக நினைவுக்கு வந்தது.

நிறைந்த கேன்களுடன் நாங்கள் ஏறி வந்தபோது கூட்டம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. வந்தவர்களில் ஒரு பெண் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார், உதடு வெடித்திருந்தது. பொறுப்பாளர் பரலின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். உயரமான, சத்தம் போடாத மனிதர். சிங்களத்தில் கேட்டார், எங்கே தண்ணீர் என்று.

மடுவத்துப் பெண் எங்களைப் பார்க்கவில்லை. “பீலி சிறுத்துப் போச்சுங்க. நான்தான் பிந்திட்டேன்,” என்றார்.

எனக்கு முன் மச்சான் வாயைத் திறந்தார். அவருக்குச் சிங்களம் போதாது. நான் சொன்னேன். நாங்கள் இருவர், எந்த நேரத்தில் வந்தோம், என்ன கழுவினோம், ஏன் கழுவினோம், அவர் அப்போது இங்கே இல்லை, நேற்றிலிருந்து நிரப்பிய தண்ணீர் அது. செய்தி எழுதுவதைப் போல ஒழுங்காகச் சொன்னேன். பொறுப்பாளர் கவனமாகக் கேட்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். அந்தப் பெண்ணிடம் பிறகு ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை. கூட்டம் தண்ணீர் குடித்தது, தேநீர் குடித்தது. அவருடைய வேலை போகவில்லை என்பது தெரிந்தபோது எனக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தித் தொழுகையான மஃரிபுக்கு நாங்கள் தண்ணீரைத் தொடவில்லை. தயம்மும் செய்தோம். தண்ணீர் இல்லாத இடத்தில் சுத்தமான மண்ணில் கையை அடித்து முகத்தையும் கையையும் தடவுவது. சிறு வயதில் ஓதப் போன இடத்தில் பாடமாக்கியது. ஊரில் செய்ய வேண்டி வந்ததே இல்லை.

“ரெண்டு அடிதானே?” என்றார் மச்சான்.

“ஓம். முகத்துக்கு ஒண்டு, கைக்கு ஒண்டு.”

“மோதிரத்தக் கழட்டணுமா?”

“கழட்டுங்க. இண்டைக்கு இதிலயும் பிழை உட வேணாம்.”

அடுத்த வருடம் அதே பருவத்தில் திரும்பப் போனோம். இம்முறை கீழே வீதிக் கடையிலேயே பெரிய கேன் ஒன்றை நிரப்பி, மச்சான் சாக்கில் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டார். நெல் மூட்டை தூக்கியவருக்கு இதெல்லாம் சுமையா என்றார். பாதி வழியில் அந்தக் கேள்வியை வாபஸ் பெற்றுக்கொண்டு, ஒரு பாறையில் கேனைச் சாய்த்து மூச்சு வாங்கினார்.

மடுவம் தெரியும் கடைசி வளைவில் நின்றபோது அந்தப் பெண் தாழ்வாரத்தில் நிற்பது தெரிந்தது. மச்சான் கையை உயர்த்தினார். அவர் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். எங்களை அடையாளம் கண்டதும் சட்டென்று திரும்பினார், சுவரில் ஏதோ செய்தார், பின்பக்கம் போனார். நாங்கள் மேலே வந்தபோது சிரித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“வாங்க நானா. மறக்காம வந்துட்டீங்க.”

பரல் அதே கல்லின் மேல் இருந்தது. பைப்பைச் சுற்றி இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி, அதில் பூட்டு. கோப்பை இல்லை. பரலுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே பலகையின் நிறம் ஒரு சதுரமாக வெளிறாமல் இருந்தது. அங்கே ஏதோ தொங்கியிருக்க வேண்டும்.

சாவி அவருடைய கழுத்துக் கயிற்றில் இருந்தது. நடப்பவர்கள் வரும்போது மட்டும் திறந்து அளந்து கொடுக்க வேண்டுமாம். தனக்குக் குடிக்க லயத்திலிருந்து போத்தலில் கொண்டு வருகிறார். வாசல்படியில் அந்தப் போத்தல் இருந்தது. குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார்.

விறகு எடுக்கப் பின்பக்கம் போன மச்சான் என்னை அழைத்தார். விறகு அடுக்கின் பின்னால் ஒரு பலகை, முகம் சுவரைப் பார்க்க நிறுத்தியிருந்தது. அவர் அதைத் திருப்பினார். பைப்புக்கு அடியில் ஒரு கால். அதன் மேல் சிவப்புக் கோடு. கீழே மூன்று மொழியில், கை கால் கழுவுவதும் உடுப்புத் துவைப்பதும் தடை என்று எழுதியிருந்தது.

“இது நம்மட கால் மச்சான்,” என்றார்.

நான் சொன்ன ஒவ்வொன்றும் அந்தப் பலகையில் இருந்தது. மடுவத்துப் பெண் அன்று இங்கே இல்லை என்று நான் சொன்னதுதான் பூட்டாகியிருந்தது. அவரைக் காப்பாற்றச் சொன்ன வாக்கியம் அது. ஆளில்லாமல் திறந்து கிடந்த குடில் என்று பொறுப்பாளர் அதை விளங்கிக்கொண்டிருக்கிறார். முன்பு அந்தப் பெண்ணிடம் ஒரு திறந்த கதவு இருந்தது. இப்போது ஒரு சாவி. அந்தப் பலகையை நாங்கள் காணக்கூடாது என்று கழற்றி ஒளித்திருக்கிறார்.

பலகையை இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு வந்தோம். தொழுகைக்கு நேரமாகியிருந்தது. அதற்குள் அவர் பூட்டைத் திறந்து, ஒரு பேசினில் தண்ணீர் பிடித்துத் தாழ்வாரத்தில் வைத்திருந்தார்.

“தொழுவீங்கள்ல? கழுவிக்கிங்க.”

“வேணாம் புள்ள,” என்றார் மச்சான் பதறி. “நாங்க தண்ணி கொண்டாந்திருக்கம். இஞ்ச பாருங்க.” முதுகுச் சாக்கை அவிழ்த்துக் கேனைக் காட்டினார்.

அவர் கேனைப் பார்த்தார். பேசினைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று போனது.

“எங்க தண்ணி ஆகாதுங்களா?”

அந்தக் கேள்விக்கு முன்னால் எத்தனை பேர் எத்தனை வாசல்களில் தோட்டத்து மக்களின் தண்ணீரை மறுத்திருப்பார்கள் என்பது, செய்தித்தாளில் வேலை செய்யும் எனக்குத் தெரியாததல்ல. நாங்கள் மலை முழுவதும் சுமந்து வந்த நல்லெண்ணம் அவரிடம் போய்ச் சேர்ந்த வடிவம் அதுதான்.

மச்சான் கேனை ஓரமாக வைத்தார். பேசினுக்கு முன்னால் குந்தினார். ஒரு தேநீர்க் கோப்பையில் அள்ளி, அந்த ஒரு கோப்பையில் கை, வாய், முகம், முழங்கை, தலை, கால் எல்லாவற்றையும் முடித்தார். கடைசிச் சொட்டு குதிகாலுக்குப் போதியது. நானும் அப்படியே செய்தேன். பேசினில் பெரும்பகுதி மிஞ்சியிருந்தது. மடுவத்துப் பெண் அதைப் பரலில் ஊற்றப் போனார். மச்சான் அவரை முந்திக்கொண்டு, மூடியைத் திறந்து, எங்கள் கேனையும் அதிலேயே கவிழ்த்தார்.

“இது வாடகை இல்ல,” என்றார். “பாரம் தாங்க ஏலாம ஊத்துறன்.”

அவர் சிரித்துவிட்டார். “ராத்திரி இருப்பீங்கள்ல? இன்னிக்கு ஒரு கூட்டம் வருது. அந்தப் பெரியவரும் வர்றாரு. ஒங்களுக்கும் சேத்தே ஆக்கிருவேன்.”

தங்குவதற்குத்தான் வந்திருந்தோம். மச்சான் என்னைப் பார்த்தார். இருவர் மனதிலும் ஓடியது ஒன்றுதான். நாங்கள் இங்கே இருக்கும்வரை அவர் பலகையை எடுத்து மாட்டமாட்டார். மாட்டாத சுவரைப் பொறுப்பாளர் காண்பார்.

“இல்ல புள்ள, இறங்கணும்,” என்றேன். “கீழ ஒரு வேலை இரிக்கி.”

அவர் வற்புறுத்தினார். பிறகு தேநீர் மட்டும் கொடுத்தார். குடித்துவிட்டு வேகமாக இறங்கினோம். வளைவுக்கு வந்தபோதே கீழிருந்து கூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது, முன்னால் பொறுப்பாளர். அவர் நேரம் தவறாதவர் என்பது எனக்கு மறந்து போயிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. சுவர் வெறுமையாக இருந்தது.

பொறுப்பாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அன்று உண்மையைச் சொன்ன கல்முனைப் பக்கத்து மனிதர் என்று கூட வந்தவர்களுக்கு அறிமுகம் செய்தார். நான் சொன்னதால்தான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த முடிந்தது என்றார். இனி யாருக்கும் தண்ணீர் குறையாது என்றார். நல்ல எண்ணத்தோடு சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ஒருவரைப் பேச்சில் நிறுத்தி வைப்பது என் தொழிலில் படித்தது. இந்தப் பாதையை எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் தொடங்கினார். வேறு எத்தனை குடில்கள் என்று கேட்டேன். மச்சான் பாதையின் நடுவே சாக்கைப் போட்டு, கால் பிடித்துக்கொண்டது என்று அதன் மேல் உட்கார்ந்தார்; அவரைத் தாண்டி யாரும் போக முடியவில்லை. வெள்ளைக்காரர்கள் இருவர் அவருடைய காலைப் பார்க்கக் குனிந்தார்கள். அவர் வலிக்காத காலை நீட்டி முகத்தைச் சுளித்தார்.

பொறுப்பாளரின் தோளுக்கு மேலாக நான் மடுவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் பின்பக்கத்திலிருந்து வந்தார். முழங்காலைத் தூக்க முடியாமல் தூக்கி, பலகையை அணைத்தபடி, கல்லின் மேல் ஏறினார். முதல் தடவை ஆணியில் மாட்டுப்படவில்லை. நான் பொறுப்பாளரிடம் மழைக்காலம் பற்றி இன்னொரு கேள்வி கேட்டேன்.

சுவரில் பலகையின் வெள்ளைச் சதுரம் தெரிந்ததும், மச்சானிடம் கால் எப்படி என்று கேட்டேன்.

“இப்ப போகலாம்,” என்றார், எழுந்து சாக்கைத் தட்டிக்கொண்டு.